பானப் பெட்டியும் நம் வீடும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது, கைக்குள் அடங்கக்கூடியது. பாக்கெட் மைலோ, பாக்கெட் பால், சோயாப் பால், செவ்வந்திப்பூத் தேநீர் என்று நம் பிள்ளைகள் கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அந்தப் பானங்கள் அடைத்து வரும் காகிதப் பெட்டியைத்தான் சொல்கிறோம். பானத்தைக் குடிக்க ஐந்து நிமிடம் போதும். குடித்த பின் அந்தப் பெட்டி எங்கே போகிறது? போகிற இடத்தில் என்ன செய்கிறது? அதனை வைத்து நாம் வீட்டில் செய்யத் தக்கது எது, செய்யத் தகாதது எது? இவற்றைச் சற்றுச் சிந்திப்போம்.

ஒரு பொருளை ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிந்துவிடும் பழக்கம் தோட்டப்புற மக்களுக்குப் பழைய பழக்கம் அன்று. கெட்டிப்பால் டின் காலியானால் அதுவே அரிசி அளக்கும் படியாயிற்று. 'மூன்று டின் அரிசி போடு' என்றால் இன்றைக்கும் நம் வீடுகளில் விளங்கும். அதே டின்னில் கயிற்றைக் கட்டிக் காப்பித்தண்ணி வாங்கி வந்த காலமும் உண்டு. மண்ணெண்ணெய் டின் தண்ணீர் சுமந்தது. பிஸ்கட் டின்னில் அரிசிமாவும் முறுக்கும் இருந்தன. கோதுமை மாவுச் சாக்கு தலையணை உறையாயிற்று. இப்படி எதனையும் வீணாக்காமல் வாழ்ந்த நமக்கு, 'மறுபயனீடு' என்பது பேர்தான் புதிது, செயல் புதிதன்று.

ஆனால், பால் டின்னுக்கும் இன்றைய பானப் பெட்டிக்கும் ஒரு பெரிய வேற்றுமை இருக்கின்றது. டின் என்பது பெரும்பாலும் ஒரே உலோகம். பானப் பெட்டியோ மூன்று வகைப் பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்கு. இதனைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பெட்டியை என்ன செய்வது என்பது நமக்கு விளங்கும்.

இந்தப் பெட்டி பிறந்த இடம் சுவீடன் நாடு. ரூபன் ரவுசிங் என்பவர் 1951-ஆம் ஆண்டில் லுண்ட் என்னும் நகரில் டெட்ரா பாக் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் வந்த பெட்டிகள் நான்கு முக்கோண முகங்களைக் கொண்டிருந்தன. இன்று நாம் காணும் செங்கல் வடிவப் பெட்டி 1963-இல் வந்தது. ஏறக்குறைய 135 முதல் 140 டிகிரி வரையுள்ள சூட்டில் பாலைச் சில விநாடிகளே வைத்துக் கிருமிகளைக் கொன்று, உடனே குளிரவைத்து, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கும் முறையும் வளர்ந்தது. அதனால்தான் குளிர்சாதனப் பெட்டி இல்லாத கடையிலும் அந்தப் பால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கின்றது. ஐஸ் பெட்டி இல்லாத தோட்டத்துக் கடைகளுக்கும் இந்தப் பானங்கள் எளிதாக வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

பெட்டியின் உள்ளே பாருங்கள், வெள்ளியைப் போல் மின்னுகிறது. அது அலுமினியத் தாள். நம் தலைமயிரைவிட மிக மிக மெல்லியது. வெளிச்சத்தையும் காற்றையும் தடுப்பது அதன் வேலை. அதன் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. அதற்கு மேல் கெட்டியான காகித அட்டை. அந்த அட்டைக்கும் வெளியே இன்னொரு பிளாஸ்டிக் பூச்சு. நிறைக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு காகிதம், 20 பங்கு பிளாஸ்டிக், 5 பங்கு அலுமினியம். பிள்ளைகள் குடிக்கும் சிறிய பெட்டி ஒன்று ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். அதில் ஏழரை கிராம் காகிதம், 2 கிராம் பிளாஸ்டிக், அரை கிராம் அலுமினியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றையும் நாம் கையால் பிரிக்க முடியாது. மண்ணாலும் பிரிக்க முடியாது. காகிதம்தானே, மட்கிவிடும் என்று எண்ணி மண்ணில் புதைத்தால், காகிதம் மட்டும் நாளடைவில் மட்கும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அப்படியே கிடக்கும். வீட்டுத் தோட்டத்தைக் கொத்தும்போது வெள்ளித் துணுக்குகளாக அவை மேலே வரும்.

சரி, இப்போது நம் லயங்களில் இந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் மூன்று இடங்களுக்குத்தான். ஒன்று, வீட்டு முன்னால் ஓடும் சாக்கடை. இரண்டு, குப்பை கொளுத்தும் தீ. மூன்று, லயத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குழி. இம்மூன்றிலும் நமக்குக் கேடு உண்டு.

சாக்கடையில் விழுந்த பெட்டி தண்ணீரைத் தடுக்கும். தண்ணீர் தேங்கினால் கொசு. வாய் கிழிந்த பெட்டியும், மேல்பக்கம் வெட்டிய பெரிய பெட்டியும் வெளியில் கிடந்து ஒரு மழை பெய்தால், அதுவே ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். அந்தக் கொசு முட்டையிடுவதற்கு ஒரு புட்டி மூடி அளவு தண்ணீர் போதும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள்வரைதான் ஆகும். தண்ணீர் வற்றிவிட்டது, இனிக் கவலையில்லை என்றும் இருக்கக் கூடாது. சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆயாக் கொட்டகையில் உள்ள குழந்தைக்கு டிங்கிக் காய்ச்சல் வருவதற்கு, பக்கத்து வீட்டார் எறிந்த ஒரு பெட்டியும் காரணமாகலாம். குடியிருப்பில் கொசு பெருக இடங்கொடுப்பது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைப்போம்.

அடுத்து, தீ. பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் இந்தப் பெட்டி சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் விறகடுப்பு மூட்டுவதற்குச் சில தாய்மார்கள் இதனை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் எரியும் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். இருமலும் இழுப்பும் உள்ள முதியவர்களும் கைக்குழந்தைகளும்தான் முதலில் துன்பப்படுவார்கள். கொளுத்திய பிறகும் அலுமினியம் சாம்பலில் தங்கிவிடும். வெளியிடங்களில் குப்பையைக் கொளுத்துவதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது.

குப்பைக் குழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இனிப்புத் தண்ணீரும் பாலும் ஒட்டியிருக்கும் பெட்டி எறும்பை அழைக்கும், ஈயை அழைக்கும், எலியை அழைக்கும். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து மனிதருக்கு எலிக்காய்ச்சல் தொற்றுவதும் உண்டு. நாமே அவற்றை வீட்டருகே விருந்துக்கு அழைக்கலாமா?

அப்படியானால் இந்தப் பெட்டியால் பயனே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அதிலுள்ள காகிதம் நல்ல காகிதம். நீண்ட நாரும் உறுதியும் உள்ள காகிதம். ஆலையில் பெரிய தொட்டியில் தண்ணீரோடு இந்தப் பெட்டிகளைப் போட்டு, மாவு அரைப்பதுபோல் ஏறக்குறைய அரை மணி நேரம் கலக்குகிறார்கள். காகிதம் ஊறிக் கூழாகப் பிரிந்துவிடுகிறது. அந்தக் கூழிலிருந்து அட்டைப் பெட்டியும் வேறு காகிதப் பொருள்களும் வருகின்றன. மிஞ்சிய பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் சேர்த்துச் சூடாக்கி அழுத்திப் பலகைகளாகவும் கூரைத் தகடுகளாகவும் செய்கிறார்கள். மலேசியாவிலும் அப்படிக் கூரைத் தகடு செய்து, ஓராங் அஸ்லி மக்களின் வீடுகளுக்குப் போட்டதுண்டு. நாம் சாக்கடையில் எறிவது இன்னொருவர் வீட்டுக் கூரையாகிறது என்றால், அதனை வெறும் குப்பை என்று சொல்லலாமா?

ஆனால், அந்த ஆலைக்கு இந்தப் பெட்டி நல்ல நிலையில் போய்ச் சேர வேண்டும். அழுகிய பெட்டி, பூஞ்சணம் பூத்த பெட்டி, சோற்றுக் குப்பையோடு கலந்த பெட்டி ஆகியவற்றால் பயனில்லை. ஆகவே நாம் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஐந்து. ஐந்தும் எளிய வேலைகள். பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடியவை.

முதலாவது, பெட்டியில் ஒரு சொட்டும் மிஞ்சாமல் காலி செய்வது. உறிஞ்சுகுழலை வெளியே வீசாமல் பெட்டிக்குள்ளேயே தள்ளிவிடலாம்.

இரண்டாவது, அலசுவது. இதற்கென்று நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாளில், இரண்டு மூன்று பெட்டிகளைச் சேர்த்து வைத்து ஒரே தண்ணீரில் அலசலாம்.

மூன்றாவது, தட்டையாக்குவது. பெட்டியின் மேலும் கீழுமாக நான்கு காதுகள் மடித்து ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்துவிட்டு அழுத்தினால் பெட்டி தாள்போல் ஆகிவிடும். தட்டையான பெட்டியில் தண்ணீர் தேங்காது. பத்துப் பெட்டி இருந்த இடத்தில் அதைவிடப் பல மடங்கு பெட்டிகளை அடுக்கலாம்.

நான்காவது, உலர்த்துவது. துணி காயும் கொடியில் கவ்வி மாட்டிவிட்டால், பால் வெட்டிவிட்டு நாம் வீடு திரும்புவதற்குள் காய்ந்திருக்கும்.

ஐந்தாவது, அரிசிச் சாக்கு ஒன்றில் போட்டுத் தரையில் படாமல் மழை நனையாத இடத்தில் வைப்பது. பழைய செய்தித்தாள் கட்டோடு இதனைக் கலக்க வேண்டாம். இதனைக் கூழாக்கும் முறை வேறு என்பதால் தனியாகவே வைக்க வேண்டும்.

இனி, வீட்டிலேயே இதனை மறுபடி பயன்படுத்தும் வழிகளைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்டியின் மேற்பகுதியை வெட்டி, அடியில் நான்கு துளை போட்டால் நல்ல நாற்றுத் தொட்டி ஆகும். செம்பனை நாற்றுமேடையில் கறுப்புப் பைகளில் கன்று வளர்ப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான். மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி மிளகாய், கத்தரி, தக்காளி விதை போடலாம். நான்கைந்து வாரத்தில் நாற்று நடுவதற்குத் தயாராகிவிடும். நடும்போது பெட்டியை நீக்கிவிட்டு நட வேண்டும். பெட்டி மட்காது என்று முன்பே சொன்னோம். துளை போடுவதை மட்டும் மறக்கக் கூடாது. துளையில்லாத தொட்டி நாற்றையும் அழுகச் செய்யும், கொசுவையும் வளர்க்கும்.

பெரிய பெட்டியைச் சாய்வாக வெட்டினால் எரு அள்ளும் கரண்டியாகும். சிறிய பெட்டிகளை வெட்டி வரிசையாக ஒட்டினால், ஊசி, நூல், பொத்தான் வைக்கும் அறைகளாகும். பிள்ளைகளுக்குப் பென்சில் கூடாகும். பிரேசில் நாட்டின் தென்பகுதியில், பலகை வீடுகளின் இடுக்குகளில் குளிர்காற்று நுழையாமல் இருக்க, கழுவிய பெட்டிகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்துச் சுவரின் உட்பக்கம் அடித்திருக்கிறார்கள். நம் பலகைச் சுவர்களுக்கும் இது உதவலாம். ஆனால், எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பங்கரையிலும் மின்கம்பி ஓடும் இடத்திலும் இதனை வைக்கவே கூடாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டுக்கு எத்தனை நாற்றுத் தொட்டி வேண்டும்? பத்தா, இருபதா? அதற்கு மேல் சேரும் பெட்டிகளை மறுசுழற்சிக்குத்தான் அனுப்ப வேண்டும். மண் படிந்து ஊறிய தொட்டி பிறகு ஆலைக்கும் உதவாது. ஆகையால் தேவைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சுத்தமாகச் சாக்கில் சேர்ப்பதே முறை. தொட்டி செய்வதற்காகவே பானம் வாங்குவது அறிவுடைமை ஆகாது. காலையில் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது வீட்டில் காய்ச்சிய தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் காசும் மிச்சம், சர்க்கரையும் குறைவு, எறிவதற்குப் பெட்டியும் இல்லை.

இப்போது நாம் சொல்லப்போவதைத் தாய்மார்களும் தந்தைமார்களும் கவனமாகக் கேட்க வேண்டும். பானப் பெட்டியிலோ பானப் புட்டியிலோ களைக்கொல்லி மருந்தை ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். வெளிக்காட்டு வேலையில் மருந்தடிக்கும் வீடுகளில், வீட்டைச் சுற்றியுள்ள புல்லுக்கு அடிக்கலாம் என்று கொஞ்சம் மருந்தைக் காலிப் பெட்டியில் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் ஆபத்தானது. பெரியவர்களுக்கு அது மருந்து என்று தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து அது பானம் என்றுதான் எடுக்கும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கக்கூடியது. அது 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் பயனில் இருக்கின்றன, அவையும் நஞ்சுதான். மருந்து அது வந்த புட்டியிலேயே, அதன் ஒட்டுத்தாளோடு, தோட்டத்து மருந்துச் சாமான் அறையில் பூட்டி வைக்க வேண்டிய பொருள். லயத்துக்கு வர வேண்டியதே இல்லை. தவறிக் குழந்தை குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரிய, அதன் ஒட்டுத்தாளையோ மருந்து வந்த புட்டியையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

அதுபோலவே, பழைய பானப் பெட்டியில் குடிநீரோ சமையல் எண்ணெயோ ஊற்றி வைப்பதும் நல்லதன்று. அதன் மூலைகளைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது.

இனி, சேர்த்த பெட்டிகளை யாரிடம் கொடுப்பது? ஒரு சிறிய பெட்டி 10 கிராம் என்றோம். நூறு பெட்டி சேர்ந்தால்தான் ஒரு கிலோ. ஒரு வீட்டில் நூறு பெட்டி சேர மாதங்கள் ஆகலாம். ஒரு கிலோவுக்காக எந்த வண்டியும் தோட்டத்துக்குள் வராது. ஆனால் முப்பது வீடுகள் உள்ள லயத்தில் வீட்டுக்கு இரண்டு பெட்டி என்றால் நாளொன்றுக்கு அறுபது. மாதத்துக்கு 1,800 பெட்டிகள். அதாவது 18 கிலோ. அதோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 1983-இல் தொடங்கிய பள்ளிப் பால் திட்டத்தால் பெட்டிப் பால் பிள்ளைகளுக்குப் பழகிய பொருள். கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் திருவிழாவிலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் எத்தனை பெட்டிகள் கை மாறுகின்றன! பானம் கொடுப்பது புண்ணியம் என்றால், அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கிச் சாக்கில் போடுவதும் அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்குதான்.

ஆகவே, இது தனி வீட்டு வேலையன்று. ஊர் கூடி இழுக்கும் தேர். லயத்தில் இருவர், பள்ளியில் ஓர் ஆசிரியர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர் என்று முன்வந்தால் போதும். ஆனால் சேர்க்கத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்துப் பட்டணத்தில் உள்ள மறுசுழற்சி நிலையத்திலும், பழைய சாமான் வாங்குபவரிடமும், பானப் பெட்டியை எடுத்துக்கொள்வீர்களா என்று முதலில் கேளுங்கள். எல்லாரும் எடுப்பதில்லை. விலையும் பெரிதாக வராது. பணத்துக்காக இதனைச் செய்கிறோம் என்று எண்ணினால் இரண்டாம் மாதமே சோர்ந்துவிடுவோம். சாக்கடை அடைபடவில்லை, புகை இல்லை, எலி குறைந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்பதே இதில் வரும் இலாபம்.

கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில், வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து வைப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் குப்பை வண்டி தோட்டத்துக்குள் வராத இடங்களும் உண்டு. அங்கே நாம் நிர்வாகத்திடம் முறையாகப் பேச வேண்டும். குடியிருப்பு சுகாதாரமாக இருப்பதில் தோட்ட நிர்வாகத்துக்குப் பொறுப்பு உண்டு. அதற்கென்று 1990-இல் சட்டமும் வந்திருக்கிறது. மழை படாத ஓர் இடம், மூடியுள்ள ஒரு தோம்பு, மாதம் ஒருமுறை பட்டணம் போகும் லாரியில் சாக்குகளை ஏற்றிப்போக அனுமதி – இவை மூன்றையும் தொழிற்சங்கத் தலைவர் வழியாகவோ மண்டோர் வழியாகவோ கேட்டுப் பெறலாம். கேட்கும்போது உலர்ந்த, தட்டையான பெட்டிகள் நிறைந்த ஒரு சாக்கையும் கையோடு காட்டுங்கள். நாம் நம் பங்கைச் செய்திருக்கிறோம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் லயங்களில் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களும் வாழ்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். சாக்கடை எல்லாருக்கும் பொது. கொசு மொழி பார்த்துக் கடிப்பதில்லை. காதைப் பிரித்துப் பெட்டியைத் தட்டையாக்குவதைக் கையால் ஒருமுறை செய்து காட்டினால் போதும், மொழியே வேண்டாம்.

காலி செய்வது, அலசுவது, தட்டையாக்குவது, உலர்த்துவது, தனியே சேர்ப்பது – இந்த ஐந்தையும் இன்று மாலை பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒரு வீட்டில் தொடங்கட்டும். அடுத்த வீடு பார்த்துச் செய்யும். பால் டின்னில் அரிசி அளந்து வளர்ந்த நமக்கு இது கடினமான வேலையாக இருக்க முடியாது.